மூன்றாவது பெயர்

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் உலகத்து வாழைகளுக்கென்றே ஒரு சேமிப்பகம் இருக்கிறது. 1985-இல் தொடங்கியது. 1,500-க்கும் மேற்பட்ட வாழைகள் அங்கே குளிரூட்டிய அறைகளில், கண்ணாடிக் குழாய்களுக்குள், விரலளவுக் கன்றுகளாக உயிரோடு வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் முழுப் பெயர் 'மூசா அக்குமினாட்டா துணைச்சிற்றினம் பர்மானிக்காய்டிஸ், கல்கத்தா 4'. அந்தக் கன்றை மண்ணில் நட்டு வளர்த்தால் ஒல்லியான காட்டு வாழை ஒன்று கிளம்பும். தார் சிறியது. காயைப் பிளந்தால் சதை பெயருக்குத்தான் இருக்கும். மீதியெல்லாம் கறுத்த, பல்லை உடைக்கும் விதைகள். அப்படிப்பட்ட செடிதான் உலகின் பல வாழை ஆராய்ச்சி நிலையங்களில் தந்தைச் செடியாக இருக்கிறது. கருப்பு சிகடோகா என்ற இலைப்புள்ளி நோயைத் தாங்கும் குணத்தைப் புதிய கலப்பினங்களுக்குக் கொடுக்க வளர்ப்பாளர்கள் திரும்பத் திரும்ப நாடியது இதைத்தான்.

அந்தப் பெயரில் முதல் சொல் பேரினம். இரண்டாவது சிற்றினம். கடைசியில் வரும் 'கல்கத்தா 4' அந்த ஒரு செடிக்கு உரிய அடையாளம். பழைய கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் வழியாக வெளியுலகுக்கு வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். இவற்றுக்கு நடுவே துணைச்சிற்றினத்தைக் குறிக்கும் மூன்றாவது பெயரான பர்மானிக்காய்டிஸை, வகைப்பாட்டியலில் ஆர்வம் இல்லாதவர்கள் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு சிற்றினத்துக்குள் இன்னும் பிரிப்பது நுணுக்கம் பார்ப்பவர்களின் வேலை என்று தோன்றலாம். ஆனால் நாம் தின்னும் வாழைப்பழத்தில் விதை ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை தேடினால் அது பெரும்பாலும் இந்த மூன்றாவது பெயரில்தான் கொண்டுபோய் விடுகிறது. அதனால்தான் இந்த அத்தியாயம் முழுவதையும் அதற்கு ஒதுக்குகிறேன்.

வாழைக்கு அறிவியல் பெயர் வைத்த கதை தலைகீழாகத் தொடங்கியது. 1736-இல் லின்னேயஸ் நெதர்லாந்தில் ஜார்ஜ் கிளிஃபோர்ட் என்ற செல்வந்தரின் தோட்டத்தில் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு வாழையைப் பூக்க வைத்தார். ஐரோப்பாவில் அது பெரிய அதிசயம். அதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பிறகு 1753-இல் சமையல் வாழைக்கு மூசா பாரடிசியாகா என்றும், 1759-இல் பழமாக உண்ணும் வாழைக்கு மூசா சாப்பியென்டம் என்றும் பெயர் வைத்தார். இரண்டுமே விதையில்லாத சாகுபடி வாழைகள், இரண்டுமே கலப்பினங்கள். காட்டில் தானாக வளரும் பெற்றோருக்குப் பெயர் வருமுன்னே பிள்ளைகளுக்குச் சிற்றினப் பட்டம் கிடைத்துவிட்டது.

லின்னேயஸ் காட்டிய வழியில் அடுத்து வந்தவர்களும் நடந்தார்கள். தோட்டத்தில் காய்க்கும் ஒவ்வொரு ரகமும் ஒரு சிற்றினம் என்று நினைத்து லத்தீன் பெயர்களை அடுக்கினார்கள். குட்டை கேவண்டிஷ் என்ற ஒரே வாழைக்கு மூசா நானா, மூசா சைனென்சிஸ், மூசா கேவண்டிஷி என்று மூன்று பெயர்கள் சேர்ந்தன. கன்று வைத்துப் பெருக்கும் ஒரு ரகத்தில் எல்லாச் செடிகளும் மரபளவில் ஒரே செடியின் தொடர்ச்சிதான். அதற்குச் சிற்றினம் என்ற சொல் பொருந்தவே பொருந்தாது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே இத்தாலியின் டூரின் நகரில் லூயிஜி கொல்லா என்பவர் 1820-இல் வாழைகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரு பெயர்களும் அதிலிருந்து வந்தவை. இரண்டும் விதையுள்ள வாழைகள். உலகம் உண்ணும் வாழைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டின் வழி வந்தவை என்பது உறுதியாக நிலைபெற அதன் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. டிரினிடாடில் வேலை செய்த எர்னஸ்ட் சீஸ்மன் 1947 முதல் 1950 வரை எழுதிய கட்டுரைத் தொடரில் அதை நிறுவினார். அவருக்குப் பின் அதே இடத்தில் நார்மன் சிம்மண்ட்ஸும் கென்னத் ஷெப்பர்டும் 1955-இல் அதற்கு ஓர் அளவுகோலே செய்து கொடுத்தார்கள்.

அந்த அளவுகோல் பதினைந்து குணங்களைக் கொண்டது. ஒவ்வொரு குணமும் அக்குமினாட்டாவை ஒத்திருந்தால் 1, பால்பிசியானாவை ஒத்திருந்தால் 5, நடுவில் இருந்தால் அதற்கேற்ற மதிப்பெண். கூட்டினால் 15 வந்தால் முழு அக்குமினாட்டா. 75 வந்தால் முழு பால்பிசியானா. குரோமோசோம் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து அக்குமினாட்டாவின் பங்கை 'ஏ' என்றும் பால்பிசியானாவின் பங்கை 'பி' என்றும் குறித்தார்கள். நம் ஊர் வாழைகள் எல்லாம் இன்று இந்த எழுத்துகளில்தான் அறியப்படுகின்றன. பூவனும் ரஸ்தாளியும் நேந்திரனும் விருப்பாட்சியும் ஏஏபி. மொந்தனும் கற்பூரவள்ளியும் ஏபிபி. ஏலக்கி ஏபி. செவ்வாழையும் பச்சை வாழையும் ஏஏஏ. கன்னியாகுமரியின் மட்டி இரண்டே எழுத்து, ஏஏ.

அந்தப் பதினைந்து குணங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வாழைப்பூ ஆய்ந்து பழகிய கைகளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான். பூவை உரிக்கும்போது ஒவ்வொரு மடலுக்கும் அடியில் இரண்டு வரிசையாகப் பூக்கள் இருக்கும். அதில் வேகாத நரம்பை, 'கள்ளன்' என்று சொல்லிக் கிள்ளிப் போடுகிறோம். கண்ணாடி போன்ற சின்னச் செதிலையும் எடுத்துவிடுகிறோம். அந்தக் கள்ளன்தான் சூல்தண்டு. அதன் நுனியிலிருக்கும் சூல்முடி ஆரஞ்சாகவோ அடர் மஞ்சளாகவோ இருந்தால் அக்குமினாட்டா பக்கம் மதிப்பெண் விழும், வெளிறிய நிறமாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பால்பிசியானா பக்கம். அந்தச் செதில்தான் தனித்து நிற்கும் இதழ். நுனிக்குக் கீழே அது சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சமையலில் குப்பைக்குப் போகிற இரண்டும் வகைப்பாட்டில் சாட்சிகள்.

மடலையும் விடக்கூடாது. அடியிலிருந்து மடலின் மிக அகலமான இடம் வரை அளந்து, அதை மடலின் மொத்த நீளத்தால் வகுக்கிறார்கள். 0.28-க்குக் குறைவாக வந்தால் அக்குமினாட்டா, 0.30-ஐத் தாண்டினால் பால்பிசியானா. திறந்தபின் மடல் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்கிறதா, சுருளாமல் சும்மா தூக்கி நிற்கிறதா என்பது இன்னொன்று. இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் மேல்பக்கம் ஒரு வாய்க்கால் தெரியும். அக்குமினாட்டாவில் அதன் விளிம்புகள் விரிந்து நிற்கும், பால்பிசியானாவில் உட்பக்கம் மடங்கி வாய்க்காலை மூடும். இளம் காயைச் சீவிப் பார்த்தால் ஒவ்வோர் அறையிலும் சூல்கள் இரண்டு ஒழுங்கான வரிசையில் இருந்தால் அது அக்குமினாட்டா. நான்கு ஒழுங்கற்ற வரிசையில் இருந்தால் பால்பிசியானா.

ஏ, பி என்ற எழுத்துகள் எளிமையாலேயே வெற்றி பெற்றன. ஆனால் அந்த எளிமை ஒன்றை மறைத்துவிட்டது. பச்சை வாழையை ஏஏஏ என்று எழுதும்போது மூன்று ஏ-யும் ஒரே மாதிரியானவை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அவை ஒரே மாதிரியானவை அல்ல என்பதைச் சிம்மண்ட்ஸே நன்றாக அறிந்திருந்தார். அக்குமினாட்டா ஒரு சிறு காட்டில் அடங்கும் செடி இல்லை. இந்தியாவிலிருந்து பர்மா, தாய்லாந்து, மலேயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ், நியூகினி வழியாக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வரை அது பரவியிருக்கிறது. நடுவில் கடல்களும் மலைத்தொடர்களும் குறுக்கிடுகின்றன. இத்தனை நீண்ட பரப்பில் அது எப்படி ஒரே செடியாக இருந்திருக்க முடியும்?

இருக்கவில்லை. அதனால்தான் 19-ஆம் நூற்றாண்டு முதல் அந்தந்த நாட்டில் செடி சேகரித்தவர்கள் அதைத் தனித்தனிச் சிற்றினமாகவே விவரித்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபெர்டினாண்ட் முல்லர் மூசா பேங்க்சி என்றார். மலேயாவில் ஹென்றி ரிட்லி மூசா மலாக்கென்சிஸ் என்றார். போர்னியோவில் இத்தாலியரான பெக்காரி மூசா மைக்ரோகார்ப்பா என்றார். ஜாவா வாழை வேறு வழியில் பெயர் பெற்றது: இலையில் அடர் சிவப்புத் திட்டுகள் கொண்ட அதன் அழகில் மயங்கி ஐரோப்பிய நாற்றங்கால்காரர்கள் அலங்காரச் செடியாக விற்க, மூசா ஜெப்ரினா என்ற பெயர் வந்தது.

இந்தப் பழைய விவரிப்புகளை வாசிக்கும்போது ஒரு சிரமத்தை மனத்தில் கொள்ள வேண்டும். வாழையை உலர்மாதிரியாக்குவது மிகக் கடினம். மாதிரி ஒட்டும் தாள் ஏறத்தாழ ஒன்றரை அடி நீளமும் ஓர் அடி அகலமும்தான். இலையோ ஆள் உயரத்துக்கும் மேல். தண்டு என்று நாம் சொல்வது உண்மையில் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிய மட்டைகள், முழுக்கத் தண்ணீர். மடலைத் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் அழுகும், இல்லையென்றால் நிறம் மாறிப் பழுப்பாகும். காம்பின் வடிவம் நசுங்கிவிடும். எந்தெந்தக் குணங்களை வைத்து வாழைகளைப் பிரிக்கிறோமோ அவையெல்லாம் உலரும்போது முதலில் அழிகின்றன. ஆகவே பழைய உலர்மாதிரிக் காப்பகங்களில் காட்டு வாழைக்கென்று இருப்பவை பல சமயம் ஓர் இலைத்துண்டும் ஒரு மடலும்தான். இத்தனை குறைவான ஆதாரத்தோடு ரிட்லி போன்றவர்கள் செய்த பகுப்புகள் பின்னால் இவ்வளவு தூரம் நிலைத்து நின்றதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு. செடியை அதன் இடத்திலேயே நின்று பார்த்தவர்கள் அவர்கள்.

சிம்மண்ட்ஸ் 1954-55-இல் ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் வாழை சேகரிக்கக் கிளம்பியது தாவரவியல் ஆர்வத்தால் மட்டும் அல்ல. அன்றைய உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் வாழை பனாமா வாடல் நோயால் மடிந்துகொண்டிருந்தது. நோயைத் தாங்கும் காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து கலப்பினம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே உலர்மாதிரியை மட்டும் நம்பாமல் விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவந்து டிரினிடாடில் உயிரோடு வளர்த்தார். பக்கத்துப் பக்கத்தில் நட்டு, ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றில் இட்டுப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் கிடைத்த முடிவு சுவையானது. மலாக்கென்சிஸும் பேங்க்சியும் தாராளமாகக் கலந்தன, விதை பிடித்தது, பிள்ளைச் செடிகள் செழித்து வளர்ந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மகரந்தத்தில் பெரும்பகுதி பழுதாக இருந்தது. அவை விதை பிடிப்பதில் தடுமாறின. பெற்றோர் இருவரும் குறையில்லாதவர்கள். பிள்ளையும் உடம்பில் குறையில்லாதது. இனப்பெருக்கத்தில் மட்டும் அரைகுறை.

இவற்றைத் தனிச் சிற்றினங்கள் என்பதா, ஒன்றே என்பதா? சிம்மண்ட்ஸ் நடுவழியைப் பிடித்தார். எல்லாம் மூசா அக்குமினாட்டாவே. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென்று நிலப்பரப்பும் தனிக் குணங்களும் கொண்ட துணைச்சிற்றினம். தன் பயணங்களின் தாவரவியல் முடிவுகளை வெளியிட்டபோது பேங்க்சி, மலாக்கென்சிஸ், மைக்ரோகார்ப்பா ஆகிய மூன்று பழைய சிற்றினங்களைக் கீழே இறக்கினார்; பர்மானிக்கா, சியாமியா என்று இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். சிற்றினம் என்று வைத்திருந்தால் இவற்றுக்கிடையே நடந்த கலப்பு கண்ணில் படாது போயிருக்கும். எல்லாம் ஒன்று என்று கரைத்துவிட்டிருந்தால் பிள்ளைகளின் அந்த மலட்டுத்தன்மைக்குப் பொருளே தெரிந்திருக்காது.

பெயரை இறக்குவதற்கும் விதிகள் உண்டு. முதலில் விவரித்தவரின் பெயர் அடைப்புக்குள் போகும். இடத்தை மாற்றியவரின் பெயர் அதன் பின்னால் வரும். ஆகவே மலாக்கென்சிஸ் என்ற சொல்லின் பின்னால் ரிட்லியும் சிம்மண்ட்ஸும் சேர்ந்தே நிற்கிறார்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு வகைமாதிரியோடு, அதாவது அந்தப் பெயருக்குச் சான்றாக வைத்த ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு, கட்டப்பட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த மாதிரிதான் பேசும், விவரணை அல்ல. ஒரு சிற்றினத்துக்குள் ஒரு துணைச்சிற்றினம் பிரிந்ததுமே, கொல்லாவின் மூல மாதிரியைச் சேர்ந்த மீதிக்கு 'துணைச்சிற்றினம் அக்குமினாட்டா' என்ற பெயர் தானாகவே உண்டாகிவிடுகிறது. அதை யாரும் தனியாக வைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகும் பட்டியல் நீண்டது. 1960-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்மண்ட் டி லாங்கும் டெவ்ரூவும் பர்மானிக்காய்டிஸைச் சேர்த்தார்கள். தொடக்கத்தில் நாம் பார்த்த கல்கத்தா 4 இதன்கீழ்தான் வருகிறது. மலேயாவின் உயர்ந்த மலைப்பகுதிகளில் வளரும் ட்ரங்கேட்டாவை ரூத் கியூ துணைச்சிற்றினமாக வைத்தார். இந்தோனேசிய வாழைகளை ஆராய்ந்த நசூத்தியன் 1991-இல் ஜெப்ரினாவை அந்த நிலையில் அமர்த்தினார். பிலிப்பைன்ஸின் எர்ரன்ஸ் வல்மயோரின் வழியாகச் சேர்ந்தது. ஆறு என்பாரும் உண்டு, ஒன்பது என்பாரும் உண்டு. எண்ணிக்கையில் ஒருமித்த கருத்து இல்லாததை ஒரு குறையாகப் பார்க்க வேண்டாம். நில எல்லைகளில் இவை ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன.

இவற்றுள் பேங்க்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றில் தாரின் அடிப்பகுதியில் இருப்பவை பெண் பூக்கள். வௌவால் போன்ற பிராணிகள் மகரந்தம் கொண்டுவந்தால்தான் விதை. பேங்க்சியில் அந்த அடிப்பூக்களிலேயே மகரந்தம் உண்டு. தன் மகரந்தத்தாலேயே அது கருவுறும். தடித்த, கறுப்புத் திட்டுகள் நிறைந்த தண்டு, குறைந்த பக்கக்கன்றுகள், பெரிய தார். நியூகினியில் இது மனிதர்களோடு மிக நீண்ட காலம் வாழ்ந்த செடி. அங்கே மேட்டுநிலத்திலுள்ள கூக் சதுப்புநிலத்தில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்கான தடயங்களைத் தொல்லியலாளர்கள் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். தடயம் என்பது வாழை இலையில் உருவாகும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள். செடி மக்கிப்போன பின்னும் அவை மண்ணில் தங்கும்.

இனி அந்த மலட்டுத்தன்மைக்கு வருவோம். காரணத்தைக் கண்டுபிடிக்கத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஷெப்பர்ட். அக்குமினாட்டாவின் எல்லாத் துணைச்சிற்றினங்களிலும் குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றுதான்: 11 சோடி, மொத்தம் 22. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை, அடுக்கில் இருந்தது. பழைய காலத்தில் எப்போதோ ஒரு குரோமோசோமின் துண்டும் இன்னொன்றின் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மலாக்கென்சிஸில் 1-ஆம் குரோமோசோமுக்கும் 4-ஆம் குரோமோசோமுக்கும் இடையே இத்தகைய மாற்றம் காணப்படுகிறது. பர்மானிக்கா குழுவில் 2-க்கும் 8-க்கும் இடையே ஒன்று, 1-க்கும் 9-க்கும் இடையே ஒன்று. ஜெப்ரினாவில் 3-க்கும் 8-க்கும் இடையே. இரண்டு தொகுதிகள் கொண்ட நூலில் பக்கங்கள் மாறித் தைக்கப்பட்ட பதிப்பு போல: செய்தி எதுவும் தொலையவில்லை, ஆகவே அந்தச் செடிக்கு எந்தக் குறையும் இல்லை. வேறு விதமாகத் தைத்த பதிப்போடு கலந்து பிள்ளை பிறக்கும்போதுதான் சிக்கல். அந்தப் பிள்ளை தன் மகரந்தத்துக்கும் சூலுக்கும் குரோமோசோம்களைப் பகிர்ந்து அனுப்பும்போது சிலவற்றுக்கு ஒரு பகுதி இரட்டையாகவும் இன்னொரு பகுதி இல்லாமலும் போய்ச் சேர்கிறது. அப்படிப்பட்ட பாலணுக்கள் பயன்படாது. ஒரு மாற்றம் இருந்தாலே ஏறத்தாழ பாதிப் பாலணுக்கள் வீணாகலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் விதை பிடிப்பதே அரிது.

காட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அது சந்ததி விட்டுப்போவது கடினம். தோட்டத்தில் நிலைமை வேறு. மனிதர் கன்று எடுத்து நடுவார். விதை தேவையே இல்லை. நியூகினியிலிருந்து பேங்க்சி வழி வந்த வாழையைத் தோணியில் ஏற்றி மேற்கே கொண்டுபோனவர்கள் ஜாவாவிலும் மலேயாவிலும் அதை நட்டார்கள். அங்கே சுற்றியிருந்த ஜெப்ரினாவோடும் மலாக்கென்சிஸோடும் அது கலந்தது. கடல் பிரித்து வைத்திருந்த துணைச்சிற்றினங்கள் ஒரே கொல்லைக்குள் வந்து சேர்ந்தன. விதை குறைந்த பிள்ளைகள் பிறந்தன. விதை இல்லாமலே சதை பருக்கும் குணம் எதிலெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்துக் கன்று எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சில செடிகளில் இதற்கும் மேலே ஒன்று நடந்தது. குரோமோசோம்களைப் பாதியாக்கும் பகுப்பு தடுமாறி, பாதி ஆக வேண்டிய பாலணு முழுத் தொகுதியோடு வெளியேறியது. 22-ம் 11-ம் சேர்ந்து 33 ஆனது; மும்மடியம். அதற்கு மேல் விதைக்கு வழியே கிட்டத்தட்ட இல்லை. இன்று உலக ஏற்றுமதிச் சந்தையை நிரப்பும் கேவண்டிஷும் அதற்கு முன் ஆண்ட குரோ மிஷெலும் இப்படி வந்தவை. இரண்டுக்கும் அந்த முழுத் தொகுதியைக் கொடுத்தது இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத்திலும் அதன் தீவுகளிலும் எஞ்சியிருக்கும் ம்லாலி என்ற இருமடிய வாழைகளின் குடும்பம். கேவண்டிஷின் குரோமோசோம்களை விரித்துப் படித்தால் பேங்க்சி, ஜெப்ரினா, மலாக்கென்சிஸ் மூன்றின் துண்டுகளும் மாறி மாறி வருகின்றன. ஏஏஏ என்று நாம் எழுதும் மூன்று எழுத்துக்குள் மூன்று நாடுகளின் காடுகள் இருக்கின்றன.

இப்படிப் படிக்க முடிந்தது 2012-க்குப் பிறகுதான். அந்த ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தலைமையில் வாழையின் முழு மரபுத்தொகுதி வெளியானது. அதற்கு அவர்கள் தேர்ந்தது மலாக்கென்சிஸைச் சேர்ந்த பஹாங் என்ற செடி. 52 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள், 36,542 மரபணுக்கள். அதன் பிறகு பிற துணைச்சிற்றினங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. பழைய பெயர்களுக்கு அது ஒரு தேர்வாகவே அமைந்தது. பேங்க்சி, ஜெப்ரினா, மலாக்கென்சிஸ் தெளிவாகத் தனித்து நின்றன. பர்மானிக்கா, பர்மானிக்காய்டிஸ், சியாமியா மூன்றும் மிக நெருங்கி ஒரே கொத்தாக விழுந்தன. மூன்று பெயர்கள் தேவைதானா என்ற கேள்வி அதனால் எழுந்தது. சேமிப்பகங்களில் துணைச்சிற்றினம் மாறி எழுதப்பட்டிருந்த செடிகளும், தூய காட்டுச் செடி என்று வைத்திருந்தவற்றில் கலப்பினங்களும் வெளிப்பட்டன.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் காட்டு அக்குமினாட்டா பர்மானிக்காவுக்குள்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பர்மாவுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே உள்ள தொலைவை நினைத்துப் பார்த்தால் இந்தச் செடிகளை மறுபடி நெருங்கி ஆராய வேண்டிய தேவை புரியும். சாலை அகலமாகும்போதும் ஓடைக்கரை திருத்தப்படும்போதும் முதலில் போவது ஈரமான சரிவுகளில் நிற்கும் இந்த வாழைகள்தான். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் காட்டு வாழைகளைச் சேகரித்துக் காத்துவருவது அதனாலேயே முக்கியமான வேலை.

நோயின் பக்கம் திரும்பினால் இந்தப் பெயர்களின் எடை இன்னும் தெரியும். குரோ மிஷெலை அழித்த வாடல் நோயின் புதிய வகை, வெப்பமண்டல இனம் 4, இப்போது கேவண்டிஷைத் தாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேலின் குழு மலாக்கென்சிஸிலிருந்து ஒரு தடுப்பு மரபணுவை எடுத்துக் கேவண்டிஷில் வைத்தது. அந்த வாழைக்கு 2024-இல் அங்கே அனுமதி கிடைத்தது. அதோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. மலாக்கென்சிஸ் என்று சீட்டு இருக்கும் எல்லாச் செடியும் நோயைத் தாங்குவதில்லை. ஒரே கூட்டத்தின் விதைகளிலிருந்து வந்த நாற்றுகளிலேயே சில தாங்கின, சில மடிந்தன. துணைச்சிற்றினம் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். எந்தச் செடி என்று அந்தச் செடியின் சொந்த எண்தான் சொல்லும். இரண்டில் எது விடுபட்டாலும் அடுத்தவர் அந்த வேலையைத் திரும்பச் செய்ய முடியாது.

இதைவிட என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. சாகுபடி வாழைகளின் குரோமோசோம்களைத் துண்டு துண்டாகப் பெற்றோருக்கு ஒப்படைத்துக்கொண்டே வந்தபோது சில துண்டுகள் யாருடையவையும் அல்லாமல் மிஞ்சின. பேங்க்சி இல்லை, ஜெப்ரினா இல்லை, பர்மானிக்கா இல்லை, இதுவரை சேகரித்த எந்தக் காட்டு வாழையும் இல்லை. 2022-இல் வந்த ஓர் ஆய்வு இத்தகைய மூன்று முன்னோர்கள் இருந்தாக வேண்டும் என்று காட்டியது. அவற்றின் துண்டுகள் எந்தப் பகுதிச் சாகுபடி வாழைகளில் அடர்ந்திருக்கின்றன என்பதை வைத்து வாழிடத்தையும் கணித்தார்கள். ஒன்று தாய்லாந்து வளைகுடாவைச் சுற்றி. ஒன்று வட போர்னியோவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையே. மூன்றாவது நியூகினித் தீவில்.

தேடிப் போகிறவர்கள் கிராமத்தை ஒட்டிய காடுகளில் கிடைப்பதை நம்ப முடியாது. அங்கே வௌவால்கள் கொல்லை வாழையின் மகரந்தத்தைக் காட்டு வாழைக்கும் கொண்டுபோயிருக்கும். ஆளில்லாத பள்ளத்தாக்குகள் வரை நடக்க வேண்டும். ஒரே கூட்டத்தில் பல செடிகளிலிருந்து விதை எடுக்க வேண்டும். ஆண் பூக்களையும் இளங்காயையும் சாராயத்தில் போட்டு, மடலின் நிறத்தை அது வாடுமுன் குறித்து, இலைத்துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளுக்குள் மூடி, நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை எழுதிக்கொள்ள வேண்டும். விதைகள் சேமிப்பகத்துக்குப் போகும். இலைத்துண்டு மரபணு ஆய்வகத்துக்குப் போகும். யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சிய துண்டுகளோடு அந்த இலையின் மரபணுக்கள் பொருந்தினால், அதன் பிறகு வகைமாதிரி தேர்ந்து, விவரணை எழுதிப் பெயரை வெளியிடும் வேலை தொடங்கும்.